நமக்கென்றும் ஒரு பாட்டு உண்டு



கடந்த மாதம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எமது மகளிர் குழுக் கூட்டம் நடந்தது. சேமிப்புப் பணத்தை எண்ணி, கணக்குப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் பிள்ளைக்காம்பராவிலேயே தங்கிவிட்டோம். பொழுதைப் போக்குவதற்காக நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஒவ்வொருத்தரும் உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டு, இல்லாட்டி ஒரு படம் சொல்லுங்க" என்றேன்.

கடன் வட்டியைப் பற்றிக் கேட்டால் மளமளவென்று பதில் சொல்லும் பெண்கள், இந்தக் கேள்விக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இளம்பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடைசியில், மூலையில் இருந்த ஓர் அக்கா வாய் திறந்தார்.

"எனக்கென்னா பாட்டு, தங்கச்சி? அவரு போன நாள்லயிருந்து ரேடியோப் பக்கமே போறதில்ல. கேட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

அந்த அக்கா இதே தோட்டத்தில் பிறந்தவர். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது அவருக்கு ஐந்து வயது. பயந்துபோன பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் குடியேறின. பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலும் யுத்தம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அக்கா அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணம் செய்து, 2009இல் கணவரைத் தொலைத்தார். இன்றுவரை தகவல் இல்லை. இப்போது தம்பியின் லயத்துக்குத் திரும்பி வந்து கொழுந்து பறிக்கிறார்.

அவர் சொன்ன பதில் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. ஏனென்றால், அந்த "நாலு பேரில்" நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. இம்மாதம் எழுதிவிடுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, இந்த வேலைக்கு வந்த புதிது. யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு இளம்பெண் இரண்டு பிள்ளைகளோடு மாமியார் வீட்டில் இருந்தாள். கணவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பதுளை நகரத்துக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் லயம் முழுவதும் அதுவே பேச்சு. "புருஷன் செத்த பொம்பளைக்குப் படம் கேக்குதா?" என்று பீலிக்கரையிலேயே அவள் காதுபடப் பேசினார்கள். மாமியார் என்னிடம் முறையிட்டார். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மிகவும் அன்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே தங்கச்சி" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தாள், எழுந்து போனாள். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விடயம் என்னவென்றால், அதே படத்தை அதற்கு முந்திய வாரம் நான் என் தங்கையோடு போய்ப் பார்த்திருந்தேன். இடைவேளையில் கடலை வாங்கிச் சாப்பிட்டு, பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு வருடம் போதாதென்றால் எத்தனை வருடம் போதும் என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அந்த நாட்களில் என் வேலை முழுவதும் படிவங்கள்தான். நிவாரணம், வீட்டுத்திட்டம், பிள்ளையின் பாடசாலை அனுமதி, மரணச் சான்றிதழ் பற்றிய விளக்கம். இவை எல்லாம் அவசியமானவை. ஆனால் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்ததில்லை. நானும் கேட்டதில்லை. துக்கப்பட்டவளுக்குச் சோறும் கூரையும் போதும் என்று நாம் எல்லோரும் முடிவு செய்துவிடுகிறோம்.

எங்கள் மலையகத்துப் பெரியவர்கள் அப்படி முடிவு செய்யவில்லை என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்குச் சாட்சி காமன் கூத்து.

வடக்கு, கிழக்கிலுள்ள வாசகிகளில் சிலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர்கள் தம்மோடு கொண்டு வந்த கலைகளில் இது முக்கியமானது. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி இரவில் பெரிய கூத்து நடக்கும். தப்பும் உறுமியும் ஒலிக்கத் தொடங்கினால் பிள்ளை குட்டியோடு எல்லோரும் பாய், கம்பளி எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய்விடுவோம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு பார்த்த முதல் "படம்" அதுதான்.

கதை எளிமையானது. சிவன் தவத்தில் இருக்கிறார். அதைக் கலைத்து வரும்படி தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு, போக வேண்டாம் என்று கணவனைத் தடுக்கிறாள். அவன் கேளாமல் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். பிறகு ரதி அழுகிறாள். அந்த அழுகைதான் கூத்தின் உயிர். நமுனுகுலை மலைக்காற்று எலும்பைக் குத்தும் அந்த வேளையில், காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் கூட எழுந்து போகாமல் ரதியின் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சிறுபிள்ளையாக இருந்தபோது எனக்கு ஒன்று புரியவில்லை. ரதி அழும்போது எங்கள் அம்மா ஏன் அழுகிறாள்? பக்கத்து வீட்டு ஆயா ஏன் முந்தானையால் முகத்தை மூடுகிறாள்? பிறகுதான் விளங்கியது. அம்மா அழுதது ரதிக்காக அல்ல. 1983க்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போன தன் அண்ணனை நினைத்து அழுதாள். ஆயா தன் செத்துப்போன பிள்ளையை நினைத்து அழுதாள். வீட்டில் அழுதால் "இன்னுமா அழுகிறாய்?" என்று கேட்பார்கள். கூத்துத் திடலில் யாரும் கேட்க மாட்டார்கள். அழுதவர்கள் அதே இரவில் கோமாளி வந்தால் வயிறு வலிக்கச் சிரிக்கவும் செய்தார்கள். அதையும் யாரும் குற்றமாக எண்ணவில்லை.

கதையின் முடிவில் மன்மதன் உயிர்ப்பிக்கப்படுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான், மற்றவர்களுக்குத் தெரியமாட்டான். காணாமற்போனவர்களின் மனைவியரோடும் தாய்மாரோடும் வேலை செய்யத் தொடங்கிய பிறகு இந்த முடிவை நான் பலமுறை நினைத்ததுண்டு. கணவர் சாப்பிடும் கோப்பையை இன்னும் கழுவிக் கவிழ்த்து வைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒருவர் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார். அதைப் பைத்தியம் என்று சொல்லாமல், கதையாக்கி மரியாதை கொடுத்தவர்கள் எழுத்தறியாத எங்கள் பாட்டன் பாட்டிமார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பரம்பரையாக ரதி வேடம் கட்டி வந்தவர்களும் ஆண்கள்தான். ஆனால் அந்த ஒப்பாரியை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள்? தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் சொத்து. எங்கள் வாயிலிருந்து போனதுதான் மேடையில் ஏறியிருக்கும் என்பது என் எண்ணம்.

பெண் மேடையேறிப் பாடிய காலமும் எங்களுக்கு உண்டு. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தவர் என்பது பலருக்குத் தெரியும். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் கூட்டங்களில் பாரதியின் பாடல்களையும் தான் எழுதிய பாடல்களையும் பாடினார். சனங்களுக்குப் பழக்கமான மெட்டில், சனங்களின் கஷ்டத்தைப் பாடினார். தன் பாடல்களை 1940இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். பத்திரிகை வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு அந்தப் பாட்டே பத்திரிகை. பாட்டு என்பது கஷ்டத்தை மறந்து ஓடுவதற்கு மட்டும் உரியதல்ல, கஷ்டத்தைச் சொல்லவும் அதுவே வழி என்பதை அவரிடமிருந்து கற்கலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். எங்கள் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புவாள். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, எங்களைக் கழுவித் துடைத்து, பெரட்டுக்கு ஓடுவாள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, விறகுக் கட்டோடு வீடு திரும்புவாள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து இலங்கை வானொலி. அலமாரித் தட்டில் ஒரு சிறிய ரேடியோ. பற்றறி இறங்கிவிட்டால் இஸ்தோப்பில் வெயிலில் காய வைத்து மீண்டும் போடுவாள். அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்குப் பாட்டு. அப்துல் ஹமீத் அவர்களின் "பாட்டுக்குப் பாட்டு" வந்தால் பாத்திரம் கழுவிக்கொண்டே போட்டிக்காரர்களுக்கு முன்னால் அடுத்த பாட்டைச் சொல்லிவிடுவாள். ஐந்தாம் வகுப்புவரைகூடப் படிக்காத என் அம்மாவுக்கு இத்தனை பாட்டு எப்படித் தெரியும் என்று நான் வியந்ததுண்டு. சினிமாவின் மீதும் பாட்டின் மீதும் எனக்குள்ள ஆசை அவளிடமிருந்து வந்ததுதான்.

2009இல் மாமாவின் தகவல் நின்றுபோனது. அம்மாவும் ரேடியோவை மூடினாள். துணி போட்டுச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இரண்டு வருடம் வீடு ஊமையாக இருந்தது. அதைத் திறந்து வைத்தது நானல்ல, சமூகவியலும் அல்ல. என் தங்கையின் கைக்குழந்தை. ஓர் இரவு அது அழுகையை நிறுத்தவேயில்லை. அம்மா தூக்கி நடந்தாள். தன்னையறியாமல் தாலாட்டு வாயில் வந்தது. பாதியில் நிறுத்தி எங்களைப் பார்த்தாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. தொடர்ந்து பாடினாள். அடுத்த வாரம் பெட்டி திறந்தது.

பாடும்போது மூச்சை நீளமாக விடுகிறோம். மூச்சு நீண்டால் படபடக்கும் நெஞ்சு மெல்ல அமைதியாகும். இது எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. 2007ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, அனர்த்த காலத்தில் மனநலத்தைப் பேணுவது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டன. மக்கள் தம் வழமையான பண்பாட்டு, சமய வழக்கங்களுக்கும் சமூக வாழ்வுக்கும் திரும்ப உதவ வேண்டும் என்று அதிலும் வலியுறுத்தப்பட்டுள்ளது. எங்கள் காமன் திடல் அதை எத்தனையோ காலத்துக்கு முன்பே செய்திருக்கிறது.

சினிமாவும் இதற்கு உதவும். தோட்டத்து வாழ்க்கையை எங்கள் நாட்டிலேயே படமாக்கியவர்கள் உண்டு. தொழிற்சங்கவாதியான வீ.பீ. கணேசன் 1975இல் எடுத்த "புதிய காற்று" அப்படிப்பட்டது. அண்மைக் காலத்தில், பாலாவின் "பரதேசி" (2013) படத்தை ஒரு குழுவில் போட்டுப் பார்த்தோம். அது தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய கதை. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் எழுதிய நாவலைத் தழுவியது. ஆள் பிடிக்கும் கங்காணியையும் தலைமுறை தாண்டும் கடனையும் பார்த்தபோது, "இது எங்க பாட்டி சொன்ன கதை" என்று ஓர் அம்மா எழுந்து நின்று சொன்னார். அன்று படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு வருடமாகக் கூட்டத்தில் வாய் திறக்காத இருவர் அன்றுதான் பேசினார்கள்.

ஆனால் ஒருவர் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். அவரைத் தடுக்கக் கூடாது என்பதை இப்போது அறிந்திருக்கிறேன். எனவே குழுவாகப் படம் பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கதை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாவு, குண்டு, தீ போன்ற காட்சிகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். "கன்னத்தில் முத்தமிட்டால்" (2002) நல்ல படம்தான். ஆனால் பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு அது பொழுதுபோக்கு அல்ல. கதவைத் திறந்தே வையுங்கள். போக விரும்புகிறவர் போகட்டும், ஒருவர் துணைக்குப் போகட்டும். அழ வைக்கும் படமே பார்க்க வேண்டும் என்றும் இல்லை. நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரிப்பதும் மருந்துதான்.

இதையெல்லாம் கேட்டு "நேரம் எங்கே இருக்கு மிஸ்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். இப்போது அநேகமான லயங்களில் தொலைக்காட்சி இருக்கிறது. ஆனால் ரிமோட் யார் கையில்? மகன் கையில், இல்லாவிட்டால் கணவன் கையில். அம்மா குசினியில் மாப் பிசைந்துகொண்டே நாடகத்தைக் கேட்கிறாள். அதில் வரும் எல்லோரையும் அவளுக்குக் குரலால் தெரியும், முகத்தால் தெரியாது. இதைச் சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒரு பெருமூச்சும் வந்தது.

ஆகவே நான் கேட்பது ஒரு நாளில் அரை மணி நேரம். அந்த அரை மணிக்குத் தேங்காயை மகன் துருவட்டும். தம்பி தண்ணீர் பிடித்து வரட்டும். மகள் மட்டுமே எல்லாவற்றையும் செய்தால் அவளும் நாளை நம்மைப் போலவே ஆவாள். அந்த அரை மணியில் பாட்டுக் கேட்பீர்களோ, கோலம் போடுவீர்களோ, துணியில் பூ வேலை செய்வீர்களோ, சும்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பீர்களோ, அது உங்கள் விருப்பம். கணவரை இழந்தவர் வாசலில் கோலம் போடக்கூடாது என்று யாராவது சொன்னால், கோலம் அரிசிமாவில் போடுவது, எறும்புக்கும் குருவிக்கும் உணவாவது, அது யாருடைய தாலியையும் கேட்பதில்லை என்று சொல்லுங்கள். பாட்டிமார் இருக்கும் வீடுகளில், அவர்களுடைய தாலாட்டையும் கொழுந்துப் பாட்டையும் பேரப்பிள்ளைகளைக் கொண்டு கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல இன்று நமக்கு இல்லாமலே போயிருக்கும்.

பாட்டு எல்லாத் துன்பத்தையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது நோய். அதற்கு வைத்தியம் உண்டு. அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படம் பார்த்ததற்காக நான் புத்தி சொன்ன அந்தப் பெண்ணைச் சில வருடங்களுக்குப் பிறகு பதுளை பஸ் நிலையத்தில் சந்தித்தேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவள் மறந்திருக்கவில்லை. "சின்னவன் ஒரு வருஷமா நச்சரிச்சான் மிஸ். அவங்கப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாரு" என்றாள். இறந்தவர் கொடுத்த வாக்கைத்தான் அவள் நிறைவேற்றியிருக்கிறாள். நான் அதைக் கேட்டு அறியவுமில்லை.

மழை விட்ட அந்தக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். இந்த மாதக் கூட்டத்தில் ஓர் இளம்பெண் தன் பாட்டி பாடும் கொழுந்துப் பாட்டொன்றைப் பாடிக் காட்டினாள். நடுவில் மறந்து நின்றாள். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல், "அப்படி இல்லடி, அடுத்த அடி வேற" என்றது. பாட்டே வேண்டாமென்ற அதே அக்கா. அவர் பாடவில்லை. அந்த ஓர் அடியைச் சொல்லிக் கொடுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பாடி முடித்தாள்.

உங்கள் பக்கத்து வீட்டில் கணவரையோ பிள்ளையையோ இழந்த ஒரு சகோதரி இருந்தால், அவர் பாட்டுக் கேட்கும்போது சன்னலை எட்டிப் பார்க்காதீர்கள். முடிந்தால் கதவைத் தட்டி, கூட உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.